நிலாவில் வண்டி ஓட்டியவனின் தகப்பன்

"மூடியாச்சா?"

"மூடியாச்சு. மத்தியானம் ரேடியோவுல சொன்னான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை என் பொண்ணு பொறந்தநாளை வெச்சுக்கிறேன். நீ வந்து கேக்குக்கு முட்டை அடிச்சுக் குடு."

"அவ பொறந்தநாள்தான் போன வாரமே வந்துட்டுப் போயிடுச்சே, ஃபைனா?"

"வந்துச்சு. அவங்கப்பா எங்க இருந்தாரு? அப்பா இல்லாத பொறந்தநாளை நாங்க கணக்குல சேர்க்கறதில்லை."

பக்கத்து பால்கனி ஃபைனாவும் நானும் துணி உலர்த்திக்கொண்டே இப்படித்தான் பேசுவோம். எது மூடியது, யார் மூடினார்கள் என்று ஒருத்தி வாயிலும் வராது. சிம்ஃபெரோபோல் நகருக்கு வெளியே இருந்த எங்கள் குடியிருப்புக்கு அப்போது ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. கடிதம் போட ஓர் எண், அவ்வளவுதான். 1970 நவம்பரில் நிலாவில் எட்டுச் சக்கர வண்டி ஒன்று இறங்கியது, லுனோகோத் என்று பெயர், பூமியிலிருந்தே அதை ஓட்டுகிறார்கள் என்று ரேடியோ முழங்கியது. பூமியில் எங்கிருந்து என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? வளர்பிறை பாதியைத் தாண்டியதும் எங்கள் ஆண்கள் காணாமல் போவார்கள். தேய்பிறை நூலாய் இளைத்ததும் கன்னம் ஒட்டி, கண் சிவந்து திரும்பி வருவார்கள். நிலாவில் ஓர் இரவு என்பது நமக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் வண்டி தன் மூடியைச் சாத்திக்கொண்டு குளிரில் கிடக்கும். அமாவாசையை ஒட்டிய அந்த நாட்கள்தாம் எங்களுக்கு வீடு, விருந்து, முட்டைக்கோஸ் ஊறல், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம். சண்டையைக்கூட நாங்கள் சேர்த்து வைத்துத்தான் போட்டோம்.

என் கணவன் வெனியமின், வீட்டில் வெனியா, அந்த வண்டியை ஓட்டுகிறவர்களில் ஒருவன் என்று நான் ஊகித்திருந்தேன். அவன் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். (ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள், எனக்கு அவன் 'அவன்'தான்.) எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. குறை வேறோர் இடத்தில் இருந்தது. அவனுடைய அப்பா.

என் மாமனார் அர்ஹிப், எவ்பதோரியா கடற்கரையில் டிராம் ஓட்டியவர். அங்கே தண்டவாளம் ஒற்றை. எதிர்ப்பக்க டிராம் வரும்வரை ஒதுங்குதடத்தில் நின்று காத்திருந்து, அது கடந்த பிறகுதான் போக வேண்டும். வெனியாவையும் டிராம்காரனாக்க ஆசைப்பட்டுப் பதினேழு வயதில் ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கைப்பிடியைக் கொடுத்தார். பையன் கடலைப் பார்த்தானோ, எதைப் பார்த்தானோ, ஒதுங்குதடத்தில் நிற்காமல் நேரே போய்விட்டான். எதிர் டிராமோடு மூக்கும் மூக்கும் முட்டாத குறை. சீசன் நேரம், ஊரே நீச்சல் உடையோடு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தது. மாமனாரை ஒரு மாதம் பணிமனையைப் பெருக்க விட்டார்கள். அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், "இவன் கையில கைவண்டியைக்கூடக் குடுத்துடாதீங்க" என்று சொல்லித்தான் மகனை அறிமுகப்படுத்துவார்.

"ராணுவத்துல என்னதாண்டா பண்றே?" என்று அவர் கேட்டபோது, மேலிடத்தில் சொல்லிக்கொடுத்த பதிலை வெனியா சொன்னான். "கேபிள் கிடங்கைப் பார்த்துக்கறேன்பா."

"கேபிளைப் பார்த்துக்க என்ன இருக்கு? எழுந்து ஓடிடுமா?"

"எலி கடிச்சிடும்பா."

அங்கேதான் பிடித்தது வினை. அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் பொய். ஆனால் எலி என்றதும் கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. போகும்போதெல்லாம் அவன் ஒரு புது எலியைக் கொண்டுபோனான். பனீரை விட்டுவிட்டுப் பொறியின் கம்பியைக் கடித்த எலி. கர்னலின் தொப்பியில் குட்டி போட்ட எலி. வால் அறுந்த கிழட்டு எலி ஒன்று, யாருக்கும் பிடிபடாதது; அது மாமனாருக்கு உறவுக்காரன் மாதிரியே ஆகிவிட்டது. பணிமனைக்குப் போய் ஒவ்வொன்றையும் சொல்லிச் சிரிப்பார். "என் பையன் செஞ்சேனையோட எலித்தளபதி!"

சிரிப்புத்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதை வெனியாவும் பார்ப்பான், நானும் பார்ப்பேன்.

1969 கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் செய்தித்தாளோடு வந்தார்.

"பாத்தியாடா தளபதி? அமெரிக்காக்காரன் நிலாவுல ஆளையே இறக்கிட்டான். நம்மாளுங்க இத்துனூண்டு கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க. நம்ம கெட்டிக்காரப் பசங்கல்லாம் எங்கடா போனாங்க? உன்கூட எலி பிடிக்கிறாங்களா?"

வெனியா எழுந்துபோய், கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவினான். அந்த வருடம் பிப்ரவரியில் அவன் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஏனென்று எனக்குத் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நிலாவுக்கென்று கிளம்பிய முதல் வண்டி, ராக்கெட்டோடு வானத்திலேயே சிதறிப்போயிருந்தது. செய்தித்தாளில் அதற்கு இத்துனூண்டு கட்டம்கூடக் கிடையாது.

1971 வசந்தத்தில் மாமனாருக்கு நுரையீரலில் புற்று வந்துவிட்டது. எவ்பதோரியா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கோடையைப் பார்க்கமாட்டார். மகனை வரச்சொல்லுங்க."

வானத்தில் முழுநிலா. எங்கே வரச்சொல்வது? நான் மட்டும் ஆப்பிள் கூழும் பாலாடையும் எடுத்துக்கொண்டு போய்வந்தேன்.

"எங்க உன் புருஷன்?"

"வேலை மாமா. விடமாட்டேங்கறாங்க."

"ஏன், எலிக்குப் பிரசவமா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அந்த அறையில் எல்லாருக்கும் எலிக்கதை தெரிந்திருந்தது.

நிலா தேய்ந்தது. மூடி சாத்தியாயிற்று. மறுநாள் காலை வெனியாவும் நானும் பேருந்துக்குக் காத்து நின்றோம். அவன் முகச்சவரம் செய்துகொண்ட இடத்தில் இரண்டு வெட்டு.

"கேட்டுப் பார்த்தேன்" என்றான் திடீரென்று.

"யாரை? எதை?"

"மேல. ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிக்கறேன், அவரும் ஒரு மாசத்துல இருக்கமாட்டாருன்னு."

அவன் வேலையைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. நான் அவன் பக்கம் திரும்பினேன். "என்ன சொன்னாங்க?"

"சாகப்போறவங்களுக்கு மார்ஃபின் போடுவாங்க, மார்ஃபின் போட்டா நிறையப் பேசுவாங்கன்னாங்க."

"சொன்னா உன்னை என்ன செய்வாங்க?"

"நாற்காலியிலேருந்து எழுப்பிடுவாங்க. அந்த நாற்காலி நாட்டுல மொத்தமே ஒண்ணுதான் ரிம்மா. மாத்தி மாத்தி ரெண்டு பேர் உட்கார்றோம்."

"அப்ப சொல்லாதே."

"நான் யாருன்னு தெரிஞ்சுக்காமலே போயிடுவாரு" என்றான். பிறகு பேருந்து வந்துவிட்டது.

மே தினத்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் கோடு போட்ட அங்கியில், முற்றத்து மல்பெரி மரத்தடி பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பாதியாய்க் குறைந்திருந்தார். மகனைக் கண்டதும் கையைத் தூக்கி சல்யூட் அடித்தார்.

"வாங்க தளபதி! எத்தனை கைதி?"

"எப்படிப்பா இருக்கீங்க?"

"ஒதுங்குதடத்துல நிக்கறேன். எதிர்வண்டி வந்தாக் கிளம்பிட வேண்டியதுதான்."

கம்பத்து ஒலிபெருக்கியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விதைப்பு, எஃகு, பிறகு லுனோகோத். திட்டமிட்ட வேலைகளை முடித்துக்கொண்டு நிலா இரவுக்காக ஓய்வில் இருக்கிறதாம்.

"இதைக் கேளுடா. குளிக்கற தொட்டிக்கு எட்டுச் சக்கரம் மாட்டி விட்டிருக்காங்க. பதினஞ்சு நாள் ஓட்டமாம், பதினஞ்சு நாள் தூக்கமாம். என் டிராமை அப்படி நிறுத்தியிருந்தா என்னை ஜெயில்ல போட்டிருப்பான். ஆனா ஒண்ணு சொல்றேன், அதை ஓட்டறவன் எவனோ, அவன் ஆம்பளைடா. அவன் அப்பன் குடுத்துவெச்சவன்."

வெனியா சுற்றும் முற்றும் பார்த்தான். துணி கட்டுகிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா. நான்தான்."

"என்ன நீதான்?"

"அதை ஓட்டறது. நானும் இன்னொருத்தரும். அடுத்த பகல் வந்ததும் மறுபடி நான் போய் உட்காரணும்."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊகமாய் இருந்தது உண்மையாகி என் காதில் விழுந்த அந்தக் கணத்தில் எனக்கு அழுகை முட்டியது. பெருமையா, இத்தனை நாள் வெளியே நின்ற கோபமா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"சரி" என்றார் கிழவர், டிராம்காரர் குரலில். "சொல்லு பாப்போம். பிரேக்கைப் போட்டா எத்தனை தூரத்துல நிக்கும்?"

"உடனே நின்னுடும்பா, மெதுவாப் போற வண்டி. ஆனா நான் போடறது அங்க போய்ச் சேரணும். அப்புறம், நான் பார்க்கறது ஓடற படம் இல்லை. நிக்கற படம். ஒண்ணு வரும். பத்து விநாடி, சில சமயம் அதுக்கும் மேல ஆகும், அடுத்தது வர. குழி என் கண்ணுக்குத் தெரியறப்ப வண்டி அது விளிம்புக்கே போயிருக்கலாம்."

"அப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறே."

"முன்னாடி பார்த்ததை மனசுல வெச்சுக்கிட்டு ஓட்டணும்."

"அப்படி ஒரு வண்டியைத் தெருவுல எவன் விடுவான்? எங்க பணிமனையில லைசென்ஸைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாங்க. சரி, அது போகட்டும். இந்த நாட்டுல எத்தனை டிரைவர் இருக்கான், விமானம் ஓட்டறவன் இருக்கான், டாங்கி ஓட்டினவன் இருக்கான். அவங்களையெல்லாம் விட்டுட்டு உன்னை ஏன் எடுத்தான்?"

வெனியா தயங்கினான். இவன் உண்மையைத்தான் சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது.

"ஓட்டத் தெரியாதவங்களாப் பார்த்துத்தான்பா எடுத்தாங்க. கார், டிராக்டர், மோட்டார் சைக்கிள் எதுவும் பழகாத ஆளா வேணும்னாங்க. பழகின கை தன்னால திரும்பிடும். அங்க எதுவும் தன்னால திரும்பக் கூடாது."

கிழவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமனாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் முதுகைத் தாங்கிப் பிடித்துக் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதில் சிவப்பாய் வந்ததை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓட்டத் தெரியாதவனாப் பார்த்து! ஐயோ... வெனியா, உனக்குப் பொய் சொல்லவும் வரலைடா. டிராமை நேரா விட்டவன்கிட்ட நிலாவைக் குடுத்தாங்களாம்."

"பொய் இல்லைப்பா."

"அப்ப கிடங்கு?"

"கிடங்கு இல்லை. சொல்லச் சொல்லிக் குடுத்தாங்க."

"எலி?"

"எலியும் இல்லைப்பா. ஒண்ணுகூட இல்லை."

சிரிப்பு போய்விட்டது. "வால் அறுந்தது?" என்று கேட்டார், குழந்தை மாதிரி. "வால் அறுந்தது கூடவா?"

வெனியா மெல்லத் தலையாட்டினான்.

கிழவர் கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு மல்பெரி இலைகளைப் பார்த்தார். நம்பிவிட்டாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அவர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா சொல்லிட்டாளா?"

"என்னது?"

"நான் போகப்போறேன்னு. சொல்லிட்டா, அதான் இந்தக் கதை. இல்லையா?" மகனின் பக்கம் திரும்பினார். "நான் உன்னை நினைச்சு வெக்கப்பட்டுக்கிட்டே போயிடுவேன்னு பயந்துட்டே. என் தப்புடா. எனக்கு வாய் அப்படி. தளபதி, தளபதின்னு ஊர் முழுக்கச் சிரிச்சேன். ஆனா ஒருநாளாவது, எனக்கு வேற பையன் வேணும்னு கேட்டிருக்கேனா?"

"அப்பா, நான் சொல்றது..."

"என்னைப் பேசவிடு, எனக்கு மூச்சு கம்மி. போர்ல என் தம்பிங்க ரெண்டு பேரும் போனாங்க. ஒருத்தன் விமானம், ஒருத்தன் டாங்கி. பெரிய பெரிய வண்டி. எங்கம்மாவுக்குக் கடைசியில என்ன மிஞ்சிச்சு? டிராம் ஓட்டின நான்தான். எனக்குக் கிடங்குல இருக்கற பையன் போதும்டா. அவன் யாரையும் இடிக்கமாட்டான், அவனையும் யாரும் இடிக்கமாட்டாங்க. சாயந்திரம் ஆனா வீட்டுக்கு வருவான். நான் நிம்மதியாப் படுத்திருக்கேன்னா அதனாலதான். அதைப் போய்க் கெடுக்கறியே."

"மாமா, அவர் சொல்றது உண்மை" என்றேன் நான். அவன் என்றுதான் வாயில் வரும். அன்று 'அவர்' என்று வந்தது. "சத்தியமா உண்மை. எங்க குடியிருப்புக்கே தெரியும்."

"நீ சும்மா இரும்மா. நீ நல்ல பொண்டாட்டி. நிலாவுல பன்னி மேய்க்கறான்னு அவன் சொன்னாலும் நீ ஆமாம்ப." என் கன்னத்தைத் தட்டினார். பிறகு வெனியாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். விரலெல்லாம் எலும்பு. "சாகப்போற மனுஷன்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போகாதடா. அது உன்னைப் பின்னாடி உறுத்தும். என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. கதைதானே?"

ஒலிபெருக்கியில் ஏதோ அணிவகுப்பு இசை போட்டிருந்தான். வெனியா அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். படம் ஒன்று வந்து, அடுத்த படத்துக்குக் காத்திருப்பதுபோல் அத்தனை நேரம்.

"கதைதான்பா" என்றான்.

"ஏண்டா சொன்னே?"

"சும்மா. ரேடியோவுல தினம் கேக்கறேனா... ஆசையா இருந்துச்சு."

"ஆசைப்படலாம், தப்பில்லை." கிழவர் முகம் அப்படியே இளகிப்போனது. "நானும் சின்ன வயசுல பொண்ணுங்ககிட்டக் கப்பல்ல மாலுமின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான். உங்கம்மா நம்பியே கட்டிக்கிட்டா, தெரியுமா?" மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் அவர் வெனியாவைத் தொட்டுப் பார்த்ததில்லை. முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான் இருக்கும். இப்போது அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையைத் தேய்த்தார். "மெத்துனு இருக்கு. கேபிள் தூக்கற கை மாதிரியே இல்லை. ஆளுங்களை விட்டுத் தூக்கச் சொல்றியா? நல்லது. முதுகை ஒடிச்சுக்காதே."

"சரிப்பா."

"அந்தக் கர்னல் கண்டிப்பானவனா?"

"இல்லைப்பா. நல்லவர்தான்."

"அவன் சொல்றபடி நட. பெரிய இடத்துக்கெல்லாம் ஆசைப்படாதே."

"படமாட்டேன்பா."

நான் கொண்டுபோயிருந்த ஆப்பிள் கூழை வெனியா ஊட்டினான். பல நாளாய் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காதவர், அன்று கிண்ணத்தைக் காலி பண்ணினார். வெயில் போனதும் இருவருமாய்க் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். பக்கத்துக் கட்டில்காரரிடம், "இதுதான் என் பையன். கிடங்கு மொத்தமும் இவன் பொறுப்பு" என்றார். எலித்தளபதி என்று சொல்லவில்லை.

அதன் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. நிலாவில் அடுத்த பகல் பிறந்து, வெனியா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மாமனார் போனார். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அடக்கத்துக்கு அவனுக்கு அரை நாள் கொடுத்தார்கள். பணிமனைக்காரர்கள் அவன் தோளைத் தட்டி, "உன்னைப் பத்திக் கவலையே இல்லைன்னு சொல்லிட்டுப் போனாருப்பா" என்றார்கள். அவன் நன்றி சொன்னான். பல வருடம் கழித்து நாடே வேறாக மாறியபோது, வண்டியோட்டிகளின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தன. ஃபைனா அதை எடுத்துக்கொண்டு படி ஏறி ஓடிவந்தாள். வெனியா படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான். எடுத்துக்கொண்டு போய்க் காட்ட அவனுக்கு யாரும் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு அந்த ஏப்ரல் நாளின் பேருந்துதான் இன்னும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் உப்பு ஏரிகளில் சாயந்திர வெளிச்சம். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது.

"ஏன் அப்படிச் சொன்னே? இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு."

"நம்பியிருப்பாரு. நம்பிட்டு, பயந்துக்கிட்டே கிடந்திருப்பாரு."

"அதுக்காக? அவரு உன்னைத் தெரிஞ்சுக்கணும்னுதானே அத்தனை ஆபத்தை எடுத்தே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, பாத்தியா?" என்றான்.

"பார்த்தேன். அதையாவது வெச்சுக்கோ. உன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"என் கையை இல்லை ரிம்மா" என்றான் வெனியா. "கிடங்குக்காரன் கையை."